மணிக்கூடு கழற்றும் சத்தம்

மற்றவர்களின் வாழ்க்கையைப் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். கத்தரினாவின் வாழ்க்கையைச் சொல்ல அவளுடைய உடம்பைப் பார்த்தாலே போதும். இடது காறை எலும்பில் ஒரு முடிச்சு. அது மகள் நிசாந்தி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்தது. இடது காது அரைவாசிதான் கேட்கும்; அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள். மேல்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் இல்லை. அது யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன கிழமை, அப்போது அவளுடைய புருஷன் சந்தோஷமாகத்தான் இருந்தான். இடது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் முழுதாக மடங்காது. இங்கே சொல்லப்போவது அந்த இரண்டு விரல்களின் கதை.

கத்தரினா கற்பிட்டிக் கடற்கரைக் கந்தக்குளியில் பிறந்தவள். தகப்பன் அந்தோனிப்பிள்ளை கடலுக்குப் போகிற மனிதன், குடித்தால் கை நீட்டுவான். ஆனால் அவன் அடிப்பதற்கு முன் கத்துகிற கத்து நாலு வளவு தாண்டிக் கேட்கும். பெண்சாதியும் பிள்ளைகளும் ஓடி ஒளிய நேரமிருக்கும். அடியைவிடச் சத்தம் பெரிது என்று தாய் சிரித்துக்கொண்டே சொல்வாள். பதினாலு வயதில் கத்தரினா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போனாள். கட்டா, பாரை, சூரை என்று வந்து குவிகிற மீனை முதுகால் பிளந்து, குடல் எடுத்து, உப்புத் தொட்டியில் போட வேண்டும். இருபது வயதாகும்போது அந்த வாடியில் அவளுடைய வலது கைக்கு ஈடாக ஒரு ஆம்பிளைக் கையும் இருக்கவில்லை.

றொபின்சன் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். அகதி முகாம்களில் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தன். வெள்ளைச் சட்டை, தோளில் பை, வாயைத் திறந்தால் ‘நீர்’, ‘வாரும்’, ‘இரும்’. கந்தக்குளியில் பெண்களை ‘நீர்’ என்று அழைத்த ஆளை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் கலியாணம் நடந்தது. மீன்வெட்டுகிறவளுக்கு இப்படியொரு மாப்பிள்ளையா என்று ஊர் வாயைப் பிளந்தது.

கலியாணத்துக்குக் கிடைத்த கைமணிக்கூடு அவனுக்கு உயிர். உருக்குப் பட்டி, மடக்கிப் பூட்டுகிற கொளுவி. றொபின்சன் அடிக்கும்போது கத்தமாட்டான், குடிக்கவும் மாட்டான். மணிக்கூட்டுக்கு ஏதும் ஆகிவிடுமென்று முதலில் அதைக் கழற்றுவான். ‘டக்’கென்று கொளுவி திறக்கும். கழற்றி, கண்ணாடி மேலே பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பான். அதன்பிறகு கதவைச் சாத்துவான். அயல்வீட்டுக்கு ஒரு சத்தமும் கேட்காது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் கத்தரினா சொன்னது, வாடி நிலம் ஈரம், வழுக்கி விழுந்துவிட்டேன் என்பதுதான். மீன் வெட்டுகிறவள் வழுக்கி விழுவது நம்பக்கூடிய பொய். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாதுவாக இருந்த ஜுனைதா மிஸ்ஸி அந்தப் பொய்யை நான்குதரம் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடத்தில் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. றொபின்சனுக்கு வேலை போய்விட்டது. கொழும்புக்குப் போய் என்.எல்.பி. என்று ஒரு படிப்புப் படித்துச் சட்டகம் போட்ட சான்றிதழோடு திரும்பினான். அதைத் தமிழில் நரம்பியல் மொழி நிரலாக்கம் என்பார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. மனிதனுடைய நினைப்பு, அவன் வாயில் வரும் சொல், அவன் உடம்பின் பழக்கம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும், அப்படி மாற்றி நன்றாக யோசிக்கவும் நன்றாகக் கதைக்கவும் பழகலாம் என்பது அதன் நோக்கம். எதிரே இருப்பவனின் மூச்சுக்கும் இருப்புக்கும் ஒத்துப்போனால் அவன் மனம் திறப்பான் என்கிறது. துன்பத்தை வேறொரு சட்டகத்துக்குள் வைத்துப் பார்த்தால் அதன் பொருள் மாறும் என்கிறது. அது எவ்வளவு தூரம் மெய் என்று படித்தவர்கள் இன்னும் தர்க்கப்படுகிறார்கள். றொபின்சனுக்கு அந்தத் தர்க்கம் தேவைப்படவில்லை. அவனுக்கு வீட்டிலேயே ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது.

படித்ததை அவன் உடனே பாவித்தான். அடித்து முடித்தபின் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்துவான். அவள் விம்முகிற வேகத்துக்கு அவனும் மூச்சு வாங்குவான். பிறகு மெல்ல மெல்லத் தன் மூச்சைத் தணிப்பான். அவளுடைய மூச்சும் அவளைக் கேளாமலே அதோடு சேர்ந்து தணியும். அழுகை நின்றதும், இதை அடி என்று பார்க்காமல் பாடம் என்று பாரும், அப்போது நோகாது என்று மிருதுவாகச் சொல்வான். நாசமாய்ப் போனவன் கையில் நல்ல மருந்தும் நஞ்சுதான். அந்தப் பாழ்பட்ட மிருதுத்தன்மையைக் கத்தரினா அடியைவிட வெறுத்தாள்.

அவன் நிசாந்தியை ஒருநாளும் தொட்டதில்லை. அது ஒன்றைத்தான் கத்தரினா தன் ஆறுதலாக வைத்திருந்தாள். பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறாள், ஒன்றும் காணவில்லை, தன்னோடு இது முடிந்துவிடும் என்று பதினொரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினாறு மாசியில் அந்த ஆறுதலும் போயிற்று. நிசாந்திக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் கணக்குச் சோதனை வைத்த ஆசிரியை, நேரம் பார்ப்பதற்காகத் தன் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கொளுவி திறந்த சத்தத்தோடு பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்து, தலையைக் கைகளால் மூடி, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. கூட்டிவரப் போன கத்தரினாவிடம், டீச்சர் யாரையோ அடிக்கப் போகிறா என்று நினைத்ததாகப் பிள்ளை சொன்னது. வீட்டுக்கு வந்து கத்தரினா பிள்ளையின் பாவாடையை மூன்றுதரம் தோய்த்தாள். அடி தன்மேல் விழுந்தது, சத்தம் பிள்ளைக்குள் போயிருக்கிறது. அதை எப்படியாவது பிள்ளையின் உடம்பிலிருந்து பிடுங்கி எடுக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனையே இல்லை.

அதே மாதம் கற்பிட்டியில் ஒரு சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் றொபின்சன் மூன்று சனிக்கிழமை வகுப்பு வைத்தான். தலைப்பு, ‘குடும்பத்தில் நல்ல தொடர்பாடல்’. பாலர் பாடசாலை ஆசிரியைகள், மாதர் சங்கக்காரர், மீனவர் சங்கச் செயலாளர்கள் என்று நாற்பது பேர் வந்தார்கள். ஜுனைதா மிஸ்ஸியும் வந்தார். குடும்பத்தைப் பற்றிக் கதைக்கிறவன் பெண்சாதியைக் கூட்டிவந்தால் பார்வைக்கு அழகு என்று கத்தரினாவையும் அழைத்துப்போய்ப் பின்வரிசைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்ற நிறுத்தினான்.

இரண்டாம் சனிக்கிழமைப் பாடத்தில்தான் அவள் கண் திறந்தது. ஒரு மீனவர் சங்கச் செயலாளரைக் கதிரையில் இருத்தி, வாழ்க்கையில் ஆகச் சந்தோஷமான நாளை நினைக்கச் சொன்னான். மனிதன் மகளுடைய கலியாண நாளை நினைத்தான். முகம் மலர்ந்த அந்தக் கணத்தில் றொபின்சன் அவனுடைய கைமொழியை, விரல் மடியும் கணுவை, அழுத்தினான். நாலைந்து தரம் இப்படியே நடந்தது. பிறகு ஒன்றையும் நினைக்கச் சொல்லாமல் மொழியை மாத்திரம் அழுத்தினான். செயலாளர் பல் தெரியச் சிரித்தார். சபை கைதட்டியது. உணர்ச்சி உச்சத்தில் நிற்கும்போது ஒரு தொடுகையோ சத்தமோ திரும்பத் திரும்ப வந்தால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்தச் சத்தமே உணர்ச்சியைக் கூட்டிவரும், வேண்டாததை மாற்ற வேண்டுமானால் அதே சத்தத்தோடு வேறு உணர்ச்சியை ஒட்டவேண்டும் என்று அவன் விளக்கினான்.

கத்தரினா கையிலிருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தாள். தனக்கும் பிள்ளைக்கும் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எப்படிக் கழற்றுவது என்பதையும் செய்தவனே சொல்லிவிட்டான்.

பிள்ளையில் கை வைக்குமுன் தன்னில் செய்து பார்க்க நினைத்தாள். வாடியில் பெரிய கட்டாவைப் பிளக்கும்போது ஒரு கணம் வரும். கத்தி முள்ளைத் தாண்டி இறங்கும், மீன் இரண்டாக விரியும், அந்தக் கணத்தில் அவளைவிடப் பலமான ஆள் அந்தக் கரையில் இல்லை. அப்போதெல்லாம் இடது பெருவிரலால் நடுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து அழுத்தினாள். திங்களிலிருந்து வியாழன்வரை எத்தனை மீன் என்று கணக்கில்லை. உப்பு ஏறி விரல் எரிந்தது, விடவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று மணிக்கூடு கழன்றது. ‘டக்.’ முழங்கால் வழக்கம்போல் தளரப் பார்த்தது. கத்தரினா விரல்களை அழுத்தினாள். ஒரு கணம், ஒரேயொரு கணம், அவள் நிமிர்ந்து நின்றாள். தலையைக் கையால் மூடவில்லை. றொபின்சன் ஓங்கிய கையை இறக்கிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். அவனுடைய கண் அவளுடைய இடது கையில் போய் நின்றது. வாத்தியாருக்கு மாணவியின் வேலை தெரியாதா? அவன் சிரித்தான்.

“நான் சொல்லிக் குடுக்கிறதை எனக்கே செய்து பாக்கிறீரோ?” என்றான்.

கையைப் பிடித்து விரித்து, மேசை விளிம்பில் வைத்து, முதலில் நடுவிரலை முறித்தான். பிறகு மோதிரவிரலை. கலியாண மோதிரம் கிடந்ததால் இரண்டாவதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அடுத்த அறையில் நிசாந்தி இருந்தபடியால் கத்தரினா தன் சட்டைத் தோளைக் கடித்துச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாள். அவன் நிலத்தில் குந்தி அவளோடு சேர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினான்.

மூன்றாம் சனிக்கிழமைக்கும் வரத்தான் வேண்டும் என்றுவிட்டான். இரண்டு விரலையும் பலகைத்துண்டு வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். கட்டைக் கண்ட ஜுனைதா மிஸ்ஸி என்னவென்று கேட்டார். வாடியில் வழுக்கி விழுந்ததாகக் கத்தரினா சொன்னாள். மிஸ்ஸி அவளுடைய கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனார்.

தேத்தண்ணி நேரம். பதினைந்து கோப்பை வைத்த அலுமினியத் தட்டத்தை வலது கையிலும் கட்டுப்போட்ட இடது முழங்கையிலுமாகத் தாங்கிக்கொண்டு கத்தரினா நடுவழியால் வந்தாள். முன்னால் நின்ற றொபின்சன், எல்லோரும் கண்ணை மூடி இரண்டு நிமிடம் மூச்சைக் கவனிக்க வேண்டும், நேரத்தைத் தான் பார்ப்பதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே மணிக்கூட்டைக் கழற்றினான்.

‘டக்.’

தட்டம் விழுந்தது. கோப்பைகள் சிதறின. கண்ணை மூடப்போன நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தபோது, கத்தரினா கொதிக்கிற தேத்தண்ணிக்கு நடுவில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் அவளை என்ன செய்கிறதென்று றொபின்சனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதினொரு வருடம் அந்தச் சத்தத்தை உண்டாக்கியவனுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. அவனுக்கு அது மணிக்கூட்டைக் காப்பாற்றுகிற பழக்கம், அவ்வளவுதான். ஆனால் மேடைப் புத்தி அவனைக் கைவிடவில்லை. மனைவிக்குக் கொஞ்சம் நரம்புப் பலவீனம், போன கிழமைப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, எல்லோரும் கவனியுங்கள் என்று சொல்லிக் கொளுவியைப் பூட்டித் திறந்தான். கத்தரினாவின் முதுகு ஒடுங்கியது. இன்னொருதரம் திறந்தான். இன்னும் ஒடுங்கியது. பின்வரிசையில் ஓரிருவர் சிரித்தார்கள். சிலர் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவன் திருப்தியோடு மணிக்கூட்டை மேசையில் வைத்தான்.

ஜுனைதா மிஸ்ஸி எழுந்து நின்றார். அவருடைய குரல் மாணவி சந்தேகம் கேட்கிற குரல்தான்.

“சேர், ஒரு சத்தம் ஒடம்புல ஒட்டணுமெண்டா, உணர்ச்சி உச்சத்துல இருக்கக்குள்ள அது திரும்பத் திரும்ப வரணும் எண்டு நீங்கதானே போன கெழம சொல்லித் தந்தீங்க. இவங்களுக்கு இந்தச் சத்தத்தோட சேந்து என்னா வந்திச்சு?”

எழுதிக்கொண்டிருந்தவர்களின் பேனை நின்றது. பாடம் நன்றாக ஏறியிருந்தது. நாற்பது பேருக்கும் கேள்வி விளங்கியது. றொபின்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிஸ்ஸி அவனைப் பார்க்கவில்லை.

“தங்கச்சி, நீங்க சொல்லுங்க,” என்றார். “நான் நாலுதரம் பொய் எழுதிட்டன். இண்டைக்கு நீங்க சொல்றத எழுதுறன்.”

கத்தரினா எழுந்தாள். உடைந்த கோப்பைகளைப் பற்றிய வெட்கத்தில், கீழே கிடந்த தட்டத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தாள். கால் வெந்து சிவந்திருந்தது.

“அடிதான் மிஸ்ஸி,” என்றாள். “பதினொரு வருசம். முதல்ல மணிக்கூட்டைக் கழட்டுவார். இந்த விரல் ரெண்டும் வியாழக்கிழமை.”

றொபின்சன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். ‘நீர்’, ‘வாரும்’ எல்லாம் எங்கோ போய்விட்டன. “வாயை மூடடி,” என்று கையை ஓங்கினான். ஆனால் மணிக்கூடு ஏற்கெனவே மேசையில் கிடந்தது. ஓங்கிய கைக்கு முன்னால் சத்தம் வரவில்லை. சத்தம் வராதபடியால் கத்தரினாவின் உடம்புக்கு ஒடுங்கத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு நூறு கிலோ மீன் பிளக்கிற வலது கை, அதற்குத் தெரிந்ததைச் செய்தது. தட்டத்தின் விளிம்பு அவனுடைய மூக்கின் நடுத்தண்டில் இறங்கியது. மீன்முள் உடைகிற அதே சத்தம் கேட்டது. அவன் முழங்காலில் விழுந்தான். வெள்ளைச் சட்டை மார்புவரை சிவந்தது. அவள் இரண்டாவது தரமும் ஓங்கினாள், அடித்தாள், காதோடு போயிற்று. மூன்றாவதுக்கு மிஸ்ஸி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க அவர் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று இழுபட்டது. அவனும் முறைப்பாடு கொடுத்தான். நாற்பது பேரில் ஆறு பேர்தான் சாட்சிக்கு வந்தார்கள். கைமொழியை அழுத்தினால் சிரிக்கிற செயலாளர் அதில் ஒருவர். அவன் வீட்டுப் பக்கம் வரக்கூடாதென்று ஒரு வருடத்துக்குக் கட்டளை கிடைத்தது. அவன் மன்னாருக்குப் போனான்.

மேசையில் கிடந்த மணிக்கூட்டை மிஸ்ஸி ஒரு கடதாசிப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். களப்புத் தண்ணீரில் வீசும்படி சொன்னார். கத்தரினா வீசவில்லை. தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு மாதம் யோசித்தாள். பிறகு ஒரு பின்னேரம் கச்சான் அல்வா வாங்கிவந்து, நிசாந்தியை மடியில் இருத்தி, பிள்ளை முதல் கடி கடித்து முகம் இனித்தபோது, கொளுவியைத் திறந்தாள். பிள்ளை அல்வாவை எறிந்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே ஓடியது. அடுத்த நாளும் ஓடியது. மணிக்கூட்டை நாலு சீலையால் சுற்றிச் சத்தத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு கிழமையும் ஒரு சீலையைக் கழற்றினாள். எல்லாச் சீலையும் கழன்றபிறகும் விடாமல் மாதக்கணக்காய், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சத்தம், ஒரு இனிப்பு. எள்ளுருண்டை, கச்சான் அல்வா, கையில் ஒன்றுமில்லாத நாட்களில் பாணுக்குச் சீனி தூவியது. கற்பித்தவன் கயவன் என்பதால் அவள் பாடத்தைக் கைவிடவில்லை. பிள்ளைக்குக் குணம் தெரிந்தது. தனக்குத் தெரியவில்லை; கொளுவியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய முழங்கால் இன்னும் தளர்ந்தது. அதைப் பிள்ளைக்குக் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆடியில், தலவில் தேவாலயத் திருவிழா நெருங்குகிற நேரம், றொபின்சன் படலையடியில் வந்து நின்றான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பழைய குரல், பழைய ‘நீர்’. தான் மாறிவிட்டதாகவும், பிள்ளைக்குத் தகப்பன் வேண்டுமென்றும், பிள்ளையையே கேட்டுப் பார்க்கும்படியும் சொன்னான். பதினொரு வயது நிசாந்தி வாசலில் இருந்து மீன் உரசிக்கொண்டிருந்தாள். கத்தரினாவின் கையில் கத்தி இருந்தது. பிள்ளை என்ன சொல்லுமோ என்ற பயத்தில் அவள் பிள்ளையையே பார்த்தாள்.

வெயில் கொளுத்தியது. அவனுடைய கையில் புது மணிக்கூடு, அதே மாதிரி உருக்குப் பட்டி. மணிக்கட்டு வேர்வையைத் துடைக்க அதைக் கழற்றினான்.

‘டக்.’

கத்தரினாவின் தோள் சுருங்கியது. கட்டுப்படுத்த முடியவில்லை. அவன் அதைக் கண்டான். கண்டு, வாயோரத்தில் கொஞ்சம் சிரித்தான். பிறகு நம்பிக்கையோடு பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

நிசாந்தி தலையைத் தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை. செதிலான கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தாயின் பக்கம் நீட்டினாள்.

“அம்மா, இண்டைக்கு என்ன வாங்கினனீங்கள்?”

அந்தப் பாடத்தை ஊரெல்லாம் கற்பித்தவன் அவன். அந்தக் கேள்வியின் பொருளை அவனுக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. மணிக்கூட்டைத் திரும்பக் கட்டக்கூட நினைவில்லாமல் கையில் பிடித்தபடி படலையை விட்டு நடந்தான். கத்தரினா கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கச்சான் அல்வாவை எடுத்து, கடதாசியை உரித்து, பிள்ளையின் கையில் வைத்தாள்.